பின் மேசையின் சக்கரம்

"இதைத் தூக்கிட்டுப் போய் எங்க வைக்கிறதா உத்தேசம்? என் தலை மேலயா?"

"உன் தலை மட்டமா இருந்தா யோசிக்கலாம்."

கல்யாணமான புதிதில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் நின்றுகொண்டு நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. அன்றைக்கு வந்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, டாக்டர். இப்போது அவர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எழுதித் தரப்போகும் கடிதத்தை வாங்கத்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கிடங்கில் நாங்கள் வாங்கிய மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கை நடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

அதை ஜாயின்டர் என்பார்கள். தச்சுப் பட்டறைகளில் இருக்கும். கட்டில் நீளத்துக்கு வரிசையாக இரண்டு இரும்பு மேசைகள், நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் சுழலும் உருளையில் மூன்று கத்திகள். பலகையை முன் மேசையில் வைத்துத் தள்ளினால் கத்திகள் அதன் ஓரத்தை நேராகச் சீவிப் பின் மேசைக்கு அனுப்பிவிடும். அப்படிச் சீவிய இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினால் சேர்ந்த இடம் தெரியாது. ஒரே மரத்தில் அறுத்தது என்று சத்தியம் செய்வீர்கள்.

நாங்கள் வாங்கியது எங்கள் இருவருடைய வயதையும் கூட்டினால் வருகிற வயதுடையது. மழையிலேயே கிடந்து துரு பிடித்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், இரும்புக் குழாய்கள் மேல் உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினோம். அவர் வெளியில் தச்சு வேலை முடிந்து வந்ததும் இருவரும் உட்கார்ந்துவிடுவோம். மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் என் வேலை. கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை. பக்கத்துவீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "புதுப்பொண்ணு நகத்துல பாலிஷ் பார்த்திருக்கேன், கிரீஸ் இப்பத்தான் பாக்கறேன்" என்பார். ஒரு திருகு மட்டும் எண்ணெய்க்கும் மசியாமல், சூட்டுக்கும் மசியாமல், நாள்கணக்கில் அடம்பிடித்தது. அதற்கு அவர் என் அம்மாவின் பெயரை வைத்தார். கடைசியில் அது கழன்றபோது, "உங்கம்மா இறங்கி வந்துட்டாங்க" என்று அடுப்படிக்கே வந்து காட்டினார்.

புது பேரிங், புது பெல்ட், சாணை பிடித்த கத்திகள். எல்லாம் போட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அதுதான் முக்கியமானது. பின் மேசையின் உயரமும் கத்தியின் முனை உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பினால் மேசை ஏறும், இறங்கும். ஒரு நேரான கட்டையைப் பின் மேசையில் கத்தி மேலே நீட்டினாற்போல் வைத்துவிட்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"கத்தி கட்டைக்கு முத்தம் குடுக்கணும். கடிக்கக் கூடாது" என்றார்.

"குடுக்காமலே போனா?"

"அப்ப அது கோவத்துல இருக்குன்னு அர்த்தம். மேசை உசந்து போச்சு."

மேசை மயிரிழை தாழ்ந்துபோனால் என்ன ஆகும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பலகை முக்கால்வாசி ஒழுங்காகப் போகும். கடைசியில் அதன் வால் பகுதி முன் மேசையை விட்டு வரும்போது தொப்பென்று கத்திமேல் இறங்கும். அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். தள்ளுகிறவர் கடைசியில் கை தளர்ந்து அழுத்தத்தை விட்டாலும் அதே மாதிரி பள்ளம்தான் விழும். பலகையைப் பார்த்து, இது மேசையால் வந்ததா கையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

எனக்கு அவரைவிடக் கண் கூர்மை. அதனால் மெஷினைச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்று முடிவாயிற்று. சக்கரத்தைத் திருப்பி, கட்டை வைத்துப் பார்த்து, பூட்டுத் திருகை இறுக்கிவிட்டு நான் சரி என்றால் சரி. மறுபடி அவர் குனிந்து பார்க்கவே மாட்டார். எங்கள் பட்டறையின் நடைமுறை அது. இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடுவார். "இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே தப்பு வந்தா நம்ம கைதான்" என்று பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லுவார். அவர் சொல்வது சரிதான் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

அந்த மெஷினில் அவர் செய்த சாப்பாட்டு மேசைகளுக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு மேசையைப் பார்த்துவிட்டு, கப்பல்காரர் என்று நாங்கள் பெயர் வைத்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பணக்காரர்களின் படகுகளுக்கு உள்ளே மர அறைகள் செய்துகொடுக்கும் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றுக்கு ஆள் எடுப்பவர். கூட்டுப் பலகை ஒன்றை மாதிரியாகச் செய்து அனுப்புங்கள், இணைப்பு சரியாக இருந்தால் இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றார்.

என் அப்பா ஊர் ஊராகப் போகும் லாரி ஓட்டுநர். அவர் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுவாள். சில சமயம் வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிடுவாள். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். நான் அப்படி ஒருத்தியாக இருக்கமாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். யார் காலையும் கட்டிக்கொண்டு அழாத மனைவி. பெண் பார்க்க வந்தபோதே இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டு அவர் அசந்துபோனார்.

கப்பல்காரர் போன பிறகு, "நான் போகட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா போங்க. இங்க நான் பார்த்துக்கறேன். இந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்குமா?"

"நிஜமாத்தான் சொல்றியா?"

"பொய் சொல்ல எனக்கென்ன வந்தது?"

சாப்பிடும்போது ஒரு தடவை, விளக்கை அணைத்த பிறகு ஒரு தடவை, திரும்பவும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே அதே பதிலைச் சொன்னேன். பக்கத்துவீட்டு அக்கா, "உன்னை மாதிரி பொண்டாட்டி கிடைக்க அவன் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மாதிரிப் பலகைக்கான மரத்தை எடுத்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். சீவல் பெருக்கக் கொட்டகைக்குப் போன நான் பூட்டுத் திருகைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம் என்றால் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்துக்கு நகருமே, அவ்வளவு. திருகை மறுபடி இறுக்கிவிட்டு, தரையைப் பெருக்கி முடித்து, அவருக்குக் காபி போட்டேன். அப்போது என் மனதில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. இந்த ஒரு பலகை சரியாக வராவிட்டால் அவரே சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று தோன்றியது. நான் தடுத்ததாகவும் இருக்காது.

பலகைகளைச் சீவி, ஜோடி சேர்த்து, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். இணைப்பில் வெளிச்சம் தெரியக்கூடாது. அன்றைக்கு வால் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, மெஷினைக் கொஞ்சம் பாரு."

நான் குனிந்தேன். சரிபார்ப்பதற்கு எப்படியும் சக்கரத்தைத் தொட்டாக வேண்டும். தொட்டு, பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு, கட்டையை வைத்துக் காட்டினேன். கத்தி அதைத் தொட்டும் தொடாமலும் போயிற்று.

"மெஷின் சரியாத்தாங்க இருக்கு."

"அப்ப என் கைதான்" என்று சிரித்தார். அடுத்த ஜோடி சரியாக வந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி வரவில்லை.

தினமும் செய்திருந்தால் அவருக்கு மெஷின்மேல் சந்தேகம் வந்திருக்கும். அதனால் எப்போதாவது மட்டும் செய்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், உற்சாகமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஆரம்பிக்கும் நாளில். களைத்திருக்கும் நாளில் செய்தால் களைப்பு என்று நினைத்துக்கொள்வார் அல்லவா. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். சமையலில் உப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரிவதுபோலத் தெரிந்தது.

எல்லா இணைப்பும் ஒன்றுபோல வராமல் மாதிரியை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கப்பல்காரர் கொடுத்த தவணை போயிற்று. அவர் நல்ல மனிதர், இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

அந்த நாட்களில் என் கணவர் என்னிடம் அதிகம் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் கொட்டகையிலிருந்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். இப்போது அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து, கைகளை விரித்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பாரேன், ஏதாவது ஆடுதா?" என்பார். அந்தக் கைகளை என் மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். என் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் எண்ணெய் தேய்க்கும்போது, "மாமாவுக்கு எந்த வயசுலங்க கை ஆட ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.

கேள்விதான் கேட்டேன், டாக்டர். வேறொன்றும் சொல்லவில்லை. என் மாமனார் அந்த நடுக்க நோயில் எப்படிப் போனார் என்று உங்களுக்கு என் கணவரே சொல்லியிருக்கிறார். கடைசி வருடங்களில் அவருக்கு ஸ்பூனால் ஊட்டியது இவர்தான். ஊட்டும்போது பாதி கன்னத்தில் வழியும். இவர் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாராம். அன்றைக்கு என் கேள்வியைக் கேட்டதும் அவர் கைகளை மெல்ல என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம்தான் உங்களிடம் வந்தோம். மூக்கைத் தொடச் சொன்னீர்கள், விரல்களைத் தட்டச் சொன்னீர்கள், வட்டம் வட்டமாகக் கோடு போடச் சொன்னீர்கள், நடக்கச் சொன்னீர்கள். எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லையே என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல நீங்க ஏதாவது கவனிச்சீங்களாம்மா?" என்று கேட்டீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்த முகம் அது.

"டம்ளர் பிடிக்கறப்ப லேசா ஆடுது டாக்டர். அவருக்கே தெரியாது" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போனதும் அவர் மெஷினின் ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பார்த்திருப்பார். அதற்கு நான் தயாராக இல்லை. என் கண் தப்பாது என்று நீங்களும் நம்பினீர்கள், அவர் நம்பியதுபோலவே. ஆரம்பக் கட்டமாக இருக்கலாம், குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்போம் என்று மாத்திரை எழுதினீர்கள்.

அதைச் சாப்பிட்டால் அவருக்குக் குமட்டும். எழுந்து நின்றால் தலை சுற்றும். இருந்தாலும் வேளை தவறாமல் கையில் மாத்திரையும் தண்ணீருமாக நான் போய் நிற்பேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

கப்பல்காரருக்கு வரமுடியாது என்று சொல்லியாயிற்று. அன்றைக்கே சக்கரத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைத் தவறாகத் திருப்பவில்லை. நான் செய்தது அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பலகையின் வாலில் பள்ளம் விழுவது நிற்கவில்லை. அவர் பலகையைத் தள்ளும்போது கவனித்தேன். முக்கால்வாசி போனதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைசி இடத்தில் கை நடுங்கும் என்று எதிர்பார்த்தார். கையும் நடுங்கியது. இப்போது மெஷின் சரியாக இருந்தது, கைதான் தப்பாக இருந்தது. நான் முதல்நாள் சொன்ன பொய் மெல்ல மெல்ல நிஜமாகிவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்த ஒருநாள், அவரே பேச்சை எடுத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லலை. அந்த வெளிநாட்டு விஷயத்துல, நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன். எனக்கு உன்னை விட்டுட்டுப் போக இஷ்டமே இல்லை. நீ அவ்வளவு பெரிய மனசோட அனுப்பறியே, போகாம இருந்தா கேவலமா நினைப்பியோன்னு இருந்தது."

நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். போதும் என்று அவர் கையைக் காட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் அவர் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். சாமான் வாங்க வரும் தச்சர்கள் நலம் விசாரித்தால், கையைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசுகிறார். கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாள், "என்ன மாப்ள, இழைக்கிற கையால எடை போடுற?" என்று கேலி செய்தார். இவரும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மெஷின்மேல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். நான் அந்தப் பக்கம் பெருக்கப் போவதில்லை.

எனக்கு மூன்று மாதமாகிறது என்று சொன்ன அன்றைக்கு அவர் முதலில் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கைகளை எடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்கு நான் ஊட்டினேன். எனக்கு இது ஊட்டும். அப்புறம் இதுக்கு யாரு ஊட்டறது?"

"அப்படியெல்லாம் வராதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். வீட்டில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். வெளியில் தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் எழுந்துபோய்க் குழாயை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அந்தக் கடிதம் அதற்காகத்தான், டாக்டர். இது பரம்பரையாக வரக்கூடியது என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால், கருவைக் கலைப்பதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா மறுபேச்சு பேசமாட்டார் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலையில் போகலாம் என்று கடையில் லீவும் சொல்லிவிட்டார். நேற்று முழுவதும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடது, நீ அழாதே" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். நல்லது. எழுதாதீர்கள். அவருக்கு எந்த நோயும் இல்லை. அவர் கையைக் கெடுத்தது நான். பின் மேசையைத் தாழ்த்தியது நான், சரியாக இருக்கிறது என்று சொன்னது நான், டம்ளர் ஆடுகிறது என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் பொய் சொன்னதும் நான். இதை வெளியில் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று பயந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை வயிற்றில் வராமல் இருந்தால் இன்றைக்கும் திறந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும், சொல்ல நாக்கு கூசுகிறது.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். அவரை உள்ளே கூப்பிடப் போகிறீர்கள், தெரிகிறது. உடனே கூப்பிட வேண்டியதுதான், மாத்திரையை நிறுத்த வேண்டும், பயத்தைத் தெளியவைக்க வேண்டும். ஆனால் ஒரு நிமிடம். இன்றைக்கு இந்த அறைக்குள் வந்ததிலிருந்தே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. இப்போது கேட்டுவிடுகிறேன்.

"உங்க மருந்துல குணமாயிடுச்சுன்னு சொல்லுங்க டாக்டர். இனிமே வராது, பிள்ளைக்கும் வராதுன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவார். நான் செஞ்சதை மட்டும் சொல்லிடாதீங்க. எனக்காகக் கேக்கலை. என்னை மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்கார். இல்லைன்னு தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்."